ஆஸ்திரேலியாவின் கார்பன் விலையும் நிலக்கரி லாபியும்: ஒரு கேள்விக்கு விரிவான பதில்

மெல்பர்னில் பொதுக்கொள்கை படிக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இந்த நாட்டில் கார்பன் விலை என்று ஒன்று வந்தது, இரண்டே வருடத்தில் போய்விட்டது. அதற்குள் பிரதமர்கள் வரிசையாக மாறினார்கள். எல்லாம் நிலக்கரி லாபியின் வேலை என்று வகுப்பில் சொல்கிறார்கள். உண்மையா? லாபி என்றால் பணம் கொடுப்பதுதானே? இதை வைத்து ஆய்வுக் கட்டுரை எழுத எங்கிருந்து தொடங்குவது?"

கார்பன் விலை என்றால், நிறுவனங்கள் வெளியிடும் ஒவ்வொரு டன் கரியமில வாயுவுக்கும் பணம் கட்ட வைக்கும் ஏற்பாடு. லாபி என்றால், அரசின் முடிவைத் தங்களுக்குச் சாதகமாகத் திருப்ப முயலும் தரப்பு. இது மூன்று கேள்வி மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். ஒரு நாடு செய்ய நினைத்த காரியத்தைச் சில நிறுவனங்களால் எப்படித் திருப்பிவிட முடிகிறது? நான் பதினாறு வருடமாக எரிசக்திக் கொள்கை ஆய்வில் இருக்கிறேன். அரசு ஒரு வரைவை வெளியிட்டால் அதற்கு வந்து குவியும் மனுக்களைப் படித்து, யார் எதைக் கேட்டார்கள், கடைசியில் எது மாறியது என்று குறிப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. அந்தப் பழக்கத்தில் இருந்துதான் பதில் சொல்கிறேன். லாபிக்காரர்கள் ஒரு சட்டத்தை முழுசாகத் தடுத்த கதைகள்தான் பேசப்படும். நான் பார்த்தவரை அவர்களுடைய நிஜமான வெற்றிகள் சட்டத்துக்கு உள்ளே, ஒரு சதவீதத்திலும் ஒரு வரையறையிலும் இருக்கின்றன. அதை யாரும் ஊர்வலம் போய் எதிர்ப்பதில்லை, ஏனென்றால் அது இருப்பதே பலருக்குத் தெரியாது.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடலாம். கட்சிகளுக்கு நன்கொடை கொடுக்கிறார்கள், அதில் ஒரு பகுதி தேர்தல் ஆணையத்தின் பதிவில் இருக்கிறது. ஆனால் நன்கொடைக்கும் ஒரு குறிப்பிட்ட சட்டப் பிரிவுக்கும் நேரடியாகக் கோடு இழுப்பது கடினம். அப்படி இழுத்தவர்கள் பெரும்பாலும் ஊகத்தில்தான் நிற்கிறார்கள். லஞ்சம் என்று நினைத்துத் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்புவீர்கள். சட்டப்படி, பகல் வெளிச்சத்தில் நடக்கும் வேலைதான் அதிகம். கூட்டாட்சி அரசு 2008இல் லாபிக்காரர்களுக்கு ஒரு பதிவேடு கொண்டுவந்தது. அதில் வாடிக்கையாளருக்காக வேலை செய்யும் வெளி ஏஜென்சிகள்தான் பெயர் கொடுக்க வேண்டும். ஒரு சுரங்க நிறுவனத்தின் சொந்த ஊழியரோ, சுரங்க நிறுவனங்களின் கூட்டமைப்பில் சம்பளம் வாங்குபவரோ அதில் வர மாட்டார். அமைச்சரை அடிக்கடி சந்திப்பவர்களில் பெரும்பங்கு இவர்கள்தான்.

சரி, பணம் இல்லையென்றால் எது? முதலில் கணக்கு. 1990களில் கியோட்டோ காலநிலை ஒப்பந்தப் பேச்சுவார்த்தைக்கு ஆஸ்திரேலியா தயாரானபோது, உமிழ்வைக் குறைத்தால் பொருளாதாரத்துக்கு எவ்வளவு அடி என்று சொல்ல ஒரு கணினி மாதிரி தேவைப்பட்டது. அதை உருவாக்கியது அபாரே என்ற அரசு ஆய்வு அமைப்பு. மாதிரியின் பெயர் மெகாபாரே. அதை வழிநடத்தும் குழுவில் உட்கார ஒரு நாற்காலிக்கு 50,000 டாலர் கட்டணம். நிலக்கரிச் சங்கமும் எண்ணெய், சுரங்கக் கம்பெனிகளும் கட்டி உட்கார்ந்தன. ஆஸ்திரேலியன் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் என்ற சூழல் அமைப்பு, எங்களால் அவ்வளவு கட்ட முடியாது, கட்டணத்தைத் தள்ளுபடி செய்து ஓர் இடம் கொடுங்கள் என்று கேட்டது. கிடைக்கவில்லை. விஷயம், அரசு அமைப்புகள் மீதான புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மனிடம் போனது. தவறான செல்வாக்கு என்ற குற்றச்சாட்டுக்கு அரசு அமைப்பு இப்படி இடம் கொடுத்திருக்கக் கூடாது என்று 1998இல் அவர் கண்டித்தார். ஆனால் 1997 டிசம்பரிலேயே கியோட்டோ முடிந்துவிட்டது. வளர்ந்த நாடுகள் சராசரியாக 5 சதவீதத்துக்குச் சற்று அதிகமாகக் குறைக்க ஒப்புக்கொண்ட இடத்தில், ஆஸ்திரேலியா 1990ஆம் ஆண்டு அளவைவிட 8 சதவீதம் கூட்டிக்கொள்ள அனுமதி வாங்கி வந்தது. அந்தக் கணக்கு இல்லாமல் இருந்திருந்தாலும் அரசு அதையேதான் கேட்டிருக்கும் என்று வாதிடலாம், அதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. உறுதியாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: உலக மேடையில் நாடு தன் கணக்காகக் காட்டிய எண்கள் வந்த மேஜையில், பாதிக்கப்படப் போகும் தொழில்களுக்கு இடம் இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை.

இரண்டாவது, ஆட்கள். கை பியர்ஸ் என்பவர் லிபரல் கட்சிக்காரர், அந்தக் கட்சியின் சுற்றுச்சூழல் அமைச்சருக்கு உரை எழுதிக் கொடுத்தவர். முனைவர் பட்டத்துக்காகத் தொழில்துறை லாபிக்காரர்களைப் பேட்டி எடுத்தார். தன் ஆள் என்று நம்பி அவர்கள் மனம் திறந்து பேசியிருக்கிறார்கள். தங்களைத் தாங்களே 'கிரீன்ஹவுஸ் மாஃபியா' என்று அழைத்துக்கொள்வதையும், அமைச்சரவைக்குப் போகும் குறிப்புகளையே எழுத உதவியதையும் சொன்னார்கள். 2006 பிப்ரவரியில் ஏபிசி தொலைக்காட்சியின் ஃபோர் கார்னர்ஸ் நிகழ்ச்சியில் இது வெளியானது. இவர்களில் பலர் முன்னாள் அரசு அதிகாரிகள். எந்தக் குறிப்பு எந்த மேஜைக்கு எப்போது வரும், எந்த வார்த்தைக்கு எந்த அமைச்சர் அசைவார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. இந்தப் போக்குவரத்து அமைச்சர்கள் மட்டத்திலும் உண்டு. லேபர் கட்சியின் வளத்துறை அமைச்சராக இருந்த மார்ட்டின் ஃபெர்குசன் 2013இல் பதவியை விட்டபின் எண்ணெய், எரிவாயுக் கூட்டமைப்பின் ஆலோசனைக் குழுவுக்குத் தலைவரானார். லிபரல் கட்சியின் இயன் மக்ஃபர்லேன் 2016இல் குயின்ஸ்லாந்து வளத்துறைக் கூட்டமைப்பின் தலைமை நிர்வாகி ஆனார். இரண்டும் சட்டத்துக்கு உட்பட்டவைதான். இரண்டு பெரிய கட்சிகளிலும் இப்படி நடந்திருப்பதைக் கவனியுங்கள்.

இப்போது உங்கள் கேள்வியின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 2007 நவம்பர் தேர்தலில் லேபர் கட்சியின் கெவின் ரட் ஜெயித்துப் பிரதமராகி, உடனே கியோட்டோ ஒப்பந்தத்தை அதிகாரபூர்வமாக ஏற்றார். 2008 ஜூலையில் கார்பன் மாசுக் குறைப்புத் திட்டத்துக்கான பச்சை அறிக்கை, அதாவது கருத்துக் கேட்க அரசு வெளியிடும் முதல் வரைவு, வந்தது. யோசனை எளிமையானது. ஒரு டன் கார்பன் வெளியிட ஓர் அனுமதி வாங்க வேண்டும், அனுமதிகளின் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு உண்டு. ஆனால் அலுமினியம், சிமென்ட், எஃகு போன்ற தொழில்கள் வெளிநாட்டோடு போட்டி போடுபவை. அவற்றின் செலவு ஏறினால் ஆலை வேறு நாட்டுக்குப் போய்விடும், உமிழ்வும் கூடவே போய்விடும் என்ற வாதம் இருந்தது. இதில் நியாயம் இருக்கிறது, இதை வெறும் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். அதனால் அவற்றுக்கு இலவச அனுமதி தருவதாக அரசு சொன்னது. 10 லட்சம் டாலர் வருவாய்க்கு 2,000 டன்னுக்கு மேல் உமிழ்ந்தால் 90 சதவீதம் இலவசம், 1,500 முதல் 2,000 வரை என்றால் 60 சதவீதம்.

இந்தக் கோட்டில் திரவ இயற்கை எரிவாயுத் தொழில் வெளியே நின்றது. பெரிய எரிவாயு நிறுவனங்கள் வெளிப்படையாகவே சண்டை போட்டன. ஐந்து மாதம் கழித்து, டிசம்பரில் அரசின் முடிவைச் சொல்லும் வெள்ளை அறிக்கை வந்தது. 60 சதவீதத்துக்கான கோடு 1,500இலிருந்து 1,000 டன்னாக இறங்கியிருந்தது. வருவாய்க்குப் பதிலாகக் கூட்டு மதிப்பை (வருவாயில் இருந்து வெளியே வாங்கிய பொருட்களின் செலவைக் கழித்தது) வைத்தும் அளக்கலாம் என்று இன்னொரு அளவுகோல் சேர்ந்திருந்தது. எரிவாயு உள்ளே வந்துவிட்டது. எங்கும் 'எரிவாயுவுக்குச் சலுகை' என்று ஒரு வரி எழுதவில்லை. வகுக்கும் எண் மாறியது, அவ்வளவுதான்.

அப்புறம் உலக நிதி நெருக்கடி வந்தது. 2009 மே மாதம் திட்டம் ஒரு வருடம் தள்ளிப்போனது. நெருக்கடி காலத்துத் தாங்கல் என்ற பெயரில் 90 சதவீதம் 94.5 ஆனது, 60 சதவீதம் 66 ஆனது. அதே மாதம் சுரங்க நிறுவனங்களின் கூட்டமைப்பான மினரல்ஸ் கவுன்சில் ஒரு ஆய்வறிக்கையை வெளியிட்டது. இந்தத் திட்டம் வந்தால் 2020க்குள் சுரங்கத்துறையில் 23,000க்கும் அதிகமான வேலைகள் போகும் என்பது அதன் செய்தி. எல்லா நாளிதழிலும் வந்தது. நான் அந்த அறிக்கையை அச்செடுத்து, பேனாவால் கோடு போட்டுப் படித்தேன். அந்தப் பிரதி இன்னும் என்னிடம் இருக்கிறது, புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்குக் காட்டுவேன். அந்த எண், இன்று வேலையில் இருக்கும் 23,000 பேர் வீட்டுக்குப் போவார்கள் என்று சொல்லவில்லை. திட்டம் இல்லாவிட்டால் 2020இல் எத்தனை வேலை இருந்திருக்கும், திட்டம் வந்தால் எத்தனை இருக்கும் என்ற இரண்டு கற்பனைக் கோடுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி அது. இன்றைய வேலை அப்படியே இருந்து, வளர்ச்சி மட்டும் கொஞ்சம் குறைந்தாலும் இந்தக் கணக்கில் 'இழப்பு' என்றுதான் வரும். பொருளாதார மாதிரிகளில் அது சகஜமான கணக்குமுறை, பொய் கிடையாது. ஆனால் ஹன்டர் பள்ளத்தாக்கில் சுரங்க லாரி ஓட்டும் ஒருவர் செய்தித்தாளில் அந்தத் தலைப்பைப் படிக்கும்போது என்ன நினைப்பார்? என் வேலை போகிறது என்றுதான் நினைப்பார். அந்த அறிக்கையைத் தயாரித்த ஆலோசனை நிறுவனத்தின் தலைவர், மெகாபாரே காலத்தில் அபாரேவுக்குத் தலைவராக இருந்தவரே. இதை ஒரு சதி என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் ஒரு சிறிய வட்டம், அந்த வட்டத்தைக் கூலிக்கு அமர்த்த வசதி உள்ளவர்கள் அதைவிடச் சிறிய வட்டம். எதிர்த் தரப்புக்கு அதே தரத்தில் ஒரு கணக்கை, அதே வாரத்தில், வெளியிட ஆளும் இல்லை காசும் இல்லை.

2009 நவம்பரில் எதிர்க்கட்சியான லிபரல் கட்சியின் ஆதரவை வாங்க இன்னொரு சுற்றுப் பேரம் நடந்தது. நிலக்கரி மின்நிலையங்களுக்கான உதவி 730 கோடி டாலருக்கு ஏறியது. விவசாயம் திட்டத்திலிருந்தே விலக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகும் சட்டம் நிறைவேறவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி எதிர்க்கட்சித் தலைவர் மால்கம் டர்ன்புல் 42க்கு 41 என்ற கணக்கில் டோனி ஆபட்டிடம் பதவியை இழந்தார். மறுநாள் செனட் மசோதாவைத் தோற்கடித்தது.

இங்கேதான் "எல்லாம் லாபியின் வேலை" என்ற வாக்கியம் தடுக்கி விழுகிறது. அந்த ஒரு வாக்குக்குப் பின்னால் லிபரல் கட்சிக்குள் நடந்த பழைய சண்டை இருக்கிறது. கார்பன் திட்டத்தை நம்பாத சாதாரண உறுப்பினர்கள் இருக்கிறார்கள். இன்னொன்றும் இருக்கிறது. அன்று செனட்டில் இரண்டு லிபரல் உறுப்பினர்கள் கட்சி முடிவை மீறி ஆதரவாக வாக்களித்தார்கள். சூழல் கட்சியான கிரீன்ஸின் ஐந்து பேரும் ஆதரித்திருந்தால் மசோதா நிறைவேறியிருக்கும். சலுகைகள் மிகையாகிவிட்டன, இலக்கு போதாது என்று அவர்கள் எதிர்த்தார்கள். ஆக, லாபி இந்த மசோதாவை நேரடியாகக் கொன்றது என்பதைவிட, சலுகைகளால் நிரப்பி, அதை விரும்ப வேண்டியவர்களே விரும்ப முடியாத நிலைக்குக் கொண்டுவந்தது என்று சொல்வது உண்மைக்குப் பக்கத்தில் வரும். இது என் கணிப்பு. கிரீன்ஸ் மீதுதான் பெரும்பழி என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தையும் படியுங்கள்.

பிரதமர் மாறியதற்கும் லாபிக்கும் என்ன தொடர்பு? 2010 மே 2ஆம் தேதி ரட் அரசு சுரங்க லாபத்தின் மீது 40 சதவீத வரியை அறிவித்தது. ஏழு வாரத்துக்குள் சுரங்கத் தரப்பு விளம்பரத்துக்கு மட்டும் ஏறத்தாழ 2.2 கோடி டாலர் செலவழித்தது. தேர்தல் ஆணையத்தில் தாக்கலான கணக்கு இது. ஜூன் 24ஆம் தேதி ரட் பதவி இழந்தார். புதிய பிரதமர் ஜூலியா கில்லார்ட் மூன்று பெரிய சுரங்க நிறுவனங்களோடு உட்கார்ந்து பேசி, ஜூலை 2ஆம் தேதி வரியை 30 சதவீதமாக்கி, இரும்புத்தாதுக்கும் நிலக்கரிக்கும் மட்டும் என்று சுருக்கினார். இது காலநிலைச் சட்டம் இல்லை என்பது சரிதான். ஆனால் அதற்குப் பிறகு கான்பெராவில் எந்த அமைச்சரும் அந்த ஏழு வாரத்தை மறக்கவில்லை. அடுத்த முறை விளம்பரமே தேவைப்படவில்லை, வரும் என்ற நினைப்பு போதுமாக இருந்தது. இப்படிப்பட்ட செல்வாக்குக்கு எந்த ஆவணத்திலும் தடயம் கிடைக்காது. உங்கள் கட்டுரையில் இதை ஆதாரமாக எழுத முடியாது, ஆனால் மனதில் வைத்துக்கொள்ளாமல் இருக்கவும் கூடாது. ரட் சரிந்ததற்கு, ஏப்ரலில் தன் கார்பன் திட்டத்தைத் தானே ஒத்திவைத்து மக்கள் நம்பிக்கையை இழந்ததும், சொந்தக் கட்சியினரிடம் நடந்துகொண்ட விதமும்கூடக் காரணம். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியும் என்பவரை நான் நம்ப மாட்டேன்.

கில்லார்ட் காலத்தில் சட்டம் நிறைவேறியது. 2012 ஜூலை 1 முதல் ஒரு டன்னுக்கு 23 டாலர். அந்தச் சட்டத்தில் இலவச அனுமதி எவ்வளவு என்று பாருங்கள்: 94.5 சதவீதம், 66 சதவீதம். நிதி நெருக்கடிக்கான தற்காலிகத் தாங்கல் என்று, தோற்றுப்போன ஒரு மசோதாவில் சேர்த்த எண்கள், நெருக்கடி போய், பிரதமர் போய், மூன்று வருடம் கழித்து வந்த வேறொரு சட்டத்தில் தொடக்கப் புள்ளியாக நிற்கின்றன. என் வேலையில் நான் கற்ற மிக முக்கியமான விஷயம் இதுதான். ஒருமுறை கொடுத்த சலுகை அடுத்த பேச்சுவார்த்தையில் தரையாகிவிடுகிறது, அதற்குக் கீழே இறங்க யாரும் பேசுவதில்லை. இன்றும் தொடர்கிறது. 2023இல் சீர்திருத்திய பாதுகாப்புப் பொறிமுறையில் பெரிய ஆலைகளும் சுரங்கங்களும் தங்கள் உமிழ்வு வரம்பை வருடத்துக்கு 4.9 சதவீதம் குறைக்க வேண்டும். ஆனால் வெளிநாட்டுப் போட்டியால் கடுமையாகப் பாதிக்கப்படுவதாகக் காட்ட முடிந்தால் அது உற்பத்தி ஆலைகளுக்கு 1 சதவீதம் வரையும், மற்றவற்றுக்கு 2 சதவீதம் வரையும் இறங்கலாம். பெயர் மாறியிருக்கிறது, வாதம் 2008இல் கேட்ட அதே வாதம்.

ஆபட் 2013இல் ஜெயித்து, 2014 ஜூலை 17ஆம் தேதி கார்பன் விலையை நீக்கினார். அதனோடு வந்த அமைப்புகளில் சில தப்பித்தன, அது எப்படி என்று பார்த்தால் லாபியின் இன்னொரு முகம் தெரியும். தூய எரிசக்திக்குக் கடன் கொடுக்க 1,000 கோடி டாலரில் தொடங்கிய நிதிக் கழகத்தையும் ஆபட் மூட நினைத்தார். செனட்டில் கிளைவ் பாமரின் கட்சி கையில் முடிவு இருந்தது. பாமரே நிலக்கரிச் சொத்து வைத்திருந்த தொழிலதிபர். அவர் 2014 ஜூனில், காலநிலைப் பிரச்சாரகரான முன்னாள் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, கார்பன் வரியை நீக்க ஆதரவு, நிதிக் கழகத்தை மூட எதிர்ப்பு என்று அறிவித்தார். கழகம் இன்றும் இருக்கிறது. காற்றாலை, சூரிய மின்சக்தித் தரப்பும் அதற்குள் ஒரு நலக்குழுவாக, அதாவது தன் நலனுக்காக அரசை அழுத்தும் குழுவாக, வளர்ந்திருந்தது. 2015இல் புதுப்பிக்கத்தக்க மின்சார இலக்கு 41,000 கிகாவாட் மணியில் இருந்து 33,000க்குக் குறைந்தது, ஆனால் ஒழிக்க முடியவில்லை. கூரையில் பேனல் போட்ட குடும்பங்களைப் பகைத்துக்கொள்ள எந்த எம்.பி.க்கும் துணிச்சல் வராது. ஒரு கொள்கை தனக்கென்று ஆதாயம் பெறுபவர்களை உருவாக்கிவிட்டால், அவர்கள் அதற்குக் காவல் நிற்கிறார்கள். கார்பன் விலைக்கு அப்படி ஒரு காவல் படை உருவாக இரண்டு வருடம் போதவில்லை.

லாபி கேட்டது எல்லாம் நடக்கும் என்றும் நினைக்காதீர்கள். 2017 பிப்ரவரியில் அன்றைய நிதியமைச்சர் ஸ்காட் மோரிசன் நாடாளுமன்றத்துக்குள் ஒரு நிலக்கரித் துண்டைக் கையில் தூக்கிக் காட்டி, பயப்படாதீர்கள் என்றார். கையில் கரி ஒட்டாமல் மெருகு பூசிய அந்தத் துண்டைக் கொடுத்து உதவியது மினரல்ஸ் கவுன்சில். அந்தப் படத்தைப் பார்த்தால் தொழில் சொல்வதை அரசு செய்கிறது என்று தோன்றும். ஆனால் அடுத்த வருடம், அப்போது பிரதமராக இருந்த டர்ன்புல் தேசிய எரிசக்தி உத்தரவாதம் என்ற, மின்துறை உமிழ்வைக் குறைக்கும் மிதமான திட்டத்தைக் கொண்டுவந்தபோது, பெருநிறுவனங்களின் கூட்டமைப்பான பிசினஸ் கவுன்சிலும் தேசிய விவசாயிகள் கூட்டமைப்பும்கூட அதை நிறைவேற்றச் சொல்லிக் கேட்டன. நிச்சயமின்மை அவர்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. ஆளும் கட்சிக்குள் இருந்த ஒரு குழு அதைக் கவிழ்த்து, டர்ன்புல்லையும் கவிழ்த்தது. இருபது வருடம் தொழில்துறை ஊட்டி வளர்த்த பயம், ஒரு கட்டத்தில் தொழில்துறையே சொன்னாலும் அடங்காமல் தனியாக நடக்கத் தொடங்கிவிட்டது. அதே பிசினஸ் கவுன்சில் 2018இல் 45 சதவீத உமிழ்வுக் குறைப்பு பொருளாதாரத்தைச் சிதைக்கும் என்றது, 2021இல் 46 முதல் 50 சதவீதம் வரை தானே கேட்டது. நலக்குழுக்களின் நலன் மாறும். அதனால் 'நிலக்கரி லாபி' என்று ஒற்றை ஆளாக எழுதாதீர்கள். எந்த நிறுவனம், எந்த வருடம், என்ன கேட்டது என்று எழுதுங்கள்.

கார்பன் விலை இருந்த இரண்டு வருடத்தில் கிழக்கு மாநிலங்களின் மின்துறை உமிழ்வு இறங்கி, நீக்கியதும் ஏறியது உண்மை. ஆனால் அதே காலத்தில் மின் தேவை குறைந்ததும், டாஸ்மேனியாவின் நீர்மின் நிலையங்கள் அதிகமாக ஓடியதும் சேர்ந்துதான் அது நடந்தது. முழுப் பெருமையையும் விலைக்குக் கொடுத்தால் உங்கள் தேர்வாளர் பிடித்துக்கொள்வார். மறுபக்கம், தெற்கு ஆஸ்திரேலியாவின் வயல்லா என்ற எஃகு நகரம் கார்பன் வரியால் வரைபடத்திலிருந்தே அழிந்துவிடும் என்று ஆபட் சொன்னாரே, அது நடக்கவில்லை. அந்த ஊர் இருக்கிறது. அதன் எஃகு ஆலைக்குப் பின்னாளில் வந்த கஷ்டங்கள் வேறு காரணங்களால் வந்தவை.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். 2008 ஜூலை பச்சை அறிக்கை, டிசம்பர் வெள்ளை அறிக்கை இரண்டிலும் வெளிநாட்டுப் போட்டித் தொழில்களுக்கான அத்தியாயத்தை மட்டும் அச்செடுங்கள். பக்கத்தில் பக்கம் வைத்து, மாறிய ஒவ்வொரு எண்ணையும் வட்டமிடுங்கள். நடுவில் இருக்கும் ஐந்து மாதத்தில் வந்த மனுக்களில் எது அந்த எண்ணைக் கேட்டது என்று தேடுங்கள். கேட்டது கிடைத்ததாலேயே கேட்டதால்தான் கிடைத்தது என்று ஆகிவிடாது, அதனால் கேட்டும் கிடைக்காதவர்களையும் அதே பட்டியலில் எழுதுங்கள். எரிவாயுவிலிருந்து ஆரம்பித்தால் சீக்கிரம் பிடிபடும். அப்புறம் 94.5 என்ற எண்ணை மட்டும் 2009 மே மாதத்திலிருந்து 2011 நவம்பரில் செனட் நிறைவேற்றிய சட்டம் வரை பின்தொடருங்கள். நான் செய்தபோது அந்த ஒரு எண்ணுக்கு மட்டும் மூன்று வாரம் பிடித்தது.